இறக்கை நிழலில் சோறு

பூவரசங்கழி உப்பளத்தில் பூவரசு ஒன்றுகூடக் கிடையாது. பூவரசு என்ன, ஒண்டிக்கொள்ள ஓர் உடைமரம்கூடக் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி, பாத்திக்கு அப்பால் வரப்பு, வரப்புக்கு அப்பால் மறுபடியும் பாத்தி, அதற்கும் அப்பால் வெயிலில் மினுங்கிக்கொண்டு கடல் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கோடு. ஆனாலும் அங்கே வேலை பார்த்தவர்கள், அவர்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள், எல்லோரும் நிழலில் உட்கார்ந்துதான் மதியச் சோறு தின்றார்கள். அது ஓர் ஏரோப்ளேனின் நிழல். மேலே ஏரோப்ளேன் எதுவும் கிடையாது.

உலக யுத்தம் நடந்த காலத்தில், உப்பளம் வருவதற்கு முன்பு, அந்த இடம் வெறும் கழிச்சேறாகக் கிடந்தபோது, ஒற்றை ஆள் ஓட்டுகிற சண்டை விமானம் ஒன்று கடல் பக்கமிருந்து புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. வந்து, கடலைப் பார்க்க மூக்கைத் திருப்பி, இரண்டு பனை உயரத்தில் யோசிப்பதுபோல ஒரு கணம் நின்று, அப்படியே நேர் கீழே சேற்றுக்குள் போனது. சேறு தன்பாட்டுக்கு மேலே மூடிக்கொண்டது. பார்த்த மீன்காரர்கள் நான்கு பேரும் போலீஸ் விசாரணைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் பார்த்தால், விமானம் போய்விட்டது, நிழல் போகவில்லை. மூக்கு கடலைப் பார்த்தபடி, இறக்கை இரண்டையும் விரித்துக்கொண்டு, சேற்றின் மேல் கிடந்தது. காலையில் மேற்கே தள்ளிக் கிடக்கும், வெயிலோடு கூடவே நகர்ந்து சாயங்காலம் கிழக்கே போகும், மேகம் மறைத்தால் காணாமல் போகும், மேகம் விலகினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

உப்பளம் வந்த பிறகு ஜனங்கள் அதைப் பங்கு வைத்துக்கொண்டார்கள். இடது இறக்கை பெண்களுக்கு, வலது இறக்கை ஆண்களுக்கு, தண்ணீர்ப் பானைக்கு மூக்கு, கைப்பிள்ளைகளைக் கிடத்த வால். பிள்ளை தூங்கிப்போனால் அம்மாமார்கள் முறை வைத்து எழுந்துபோய், நிழல் நகர்ந்த அளவுக்குப் பிள்ளையையும் நகர்த்திப் போட்டுவிட்டு வருவார்கள். ஒரு தடவை ஆண்கள் பணம் பிரித்து அந்த இடத்தில் ஒரு பீடம் கட்டிக் கும்பிடலாம் என்று கிளம்பினார்கள். பீடம் கட்டி முடித்துச் சாம்பிராணி போடுவதற்குள் நிழல் இருபதடி தள்ளிப் போயிருந்தது, ஒரு இடத்தில் நிற்காத சாமிக்கு எத்தனை பீடம் கட்டுவது என்று விட்டுவிட்டார்கள். வேலையாட்கள் ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தாருங்கள் என்று கேட்டபோதெல்லாம் முதலாளி, "அதான் நெழலு இருக்கே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டு இறக்கைக்கும் நடுவில், பானை வாய் அளவுக்கு, நிழலுக்குள்ளேயே இன்னும் கருப்பாக ஒரு வட்டம் இருந்தது. அது ஓட்டியவன் தலை. அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்கார்வதில்லை. ஆள் இருக்கிற நாற்காலியில் போய் உட்காருவார்களா என்பது அவர்கள் எண்ணம்.

அங்கே முதலில் போய் உட்கார்ந்தவள் தங்கபுஷ்பம். அப்போது அவளுக்கு முப்பது வயது. அவள் புருஷன் தவசிக்கனி தோணியில் வேலை பார்த்தவன். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி, போனது போனதுதான். ஒன்றரை மாதம் கழித்து தோணிக்காரர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கோ கரை ஒதுங்கியதாம். தோணிக்காரர்கள் வழக்கத்தில், போனவன் உடம்போ உடுப்போ ஒன்று வந்தால்தான் கரையில் காரியம் செய்வார்கள். செய்துவிட்டால் அவள் தாலியைக் கழற்றலாம், அழுது முடிக்கலாம், வேண்டுமானால் வேறு வாழ்க்கைகூடப் பார்க்கலாம். தங்கபுஷ்பம் சட்டையை வாங்கிப் பொத்தான் துளைகளைத் தடவிப் பார்த்தாள். தவசிக்கனி சட்டைக்குத் துளை தைத்தவள் அவள். "இது அவுக சட்ட இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கெஞ்சினார்கள். எந்தச் சட்டையாக இருந்தால் என்ன, ஏற்றுக்கொண்டு காரியத்தை முடித்துவிடு, உனக்கும் ஒரு விடிவு வரும் என்றார்கள். அவள் பிடித்த பிடியை விடவில்லை. அதற்குப் பிறகு வேறு சட்டை வரவும் இல்லை. பெண்கள் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இடது இறக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை, எந்தப் பேச்சை எடுத்தாலும் எங்காவது இடித்தது. ஒரு நாள் அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் அந்தத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் இரண்டு வருஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேசினாள். எந்தப் பாத்தியில் உப்பு முந்துகிறது, கங்காணி யாரைத் திட்டினார், வீட்டுக் கூரையில் எந்த மூலையில் ஒழுகுகிறது, காலில் உப்பு அறுத்த புண் ஆறியதா இல்லையா, எல்லாம். தவசிக்கனியைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். சீனியம்மாள் என்கிற கூட்டுக்காரி, இறக்கை நுனியிலிருந்து கேலி செய்வாள். "ஏட்டி, அந்த மனுசனுக்கு நம்ம பாசை வெளங்குமா?" தங்கபுஷ்பம், "வெளங்குதவங்க மட்டும் என்ன கேட்டுட்டாவ" என்பாள். இப்படியே இருபத்து நான்கு வருஷம் போயிற்று.

சித்திரை முதல் நாள் அளத்துக்கு லீவு. எல்லோரும் வீட்டில் பாயசம் வைத்துக் குடிப்பார்கள். வீட்டில் ஆள் இல்லாத தங்கபுஷ்பம் அன்றைக்கும் வருவாள். யாரும் இல்லாத உப்பளத்தில், உச்சி வெயிலில், அவளும் அந்தத் தலையும் மட்டும் இருப்பார்கள். அந்த நாளில்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். வரப்பில் நடந்து வரும்போது, அவளுடைய நிழல் அவள் காலுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. சூரியன் நெட்டுக்குத்தாகத் தலைக்கு மேல் நின்றது. அப்படியென்றால் இந்த நிழலும் இப்போது எங்கே கிடக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் அன்றைக்கு விமானம் நின்றிருக்க வேண்டும், அதற்கு நேர் கீழேதான் அதை ஓட்டியவர். வருஷா வருஷம் அதே நாளில் அதே இடம். வரப்பு திரும்பும் மூலையிலிருந்து எத்தனை தப்படி என்றுகூட அவளுக்குத் தெரியும். இதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இருபத்து நான்காம் வருஷத்துத் தை மாதம் கங்காணி ஆத்திமுத்து, சோற்று நேரத்தில் மூக்குப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நம்ம பைலட்டுக்கு ஆளு வந்திருக்கு."

"என்ன ஆளு அண்ணாச்சி?"

"மவ. சொந்த மவ. லண்டன் பக்கமிருந்து. எலும்பத் தோண்டி எடுத்துட்டுப் போகக் கெவருமெண்டு நாலு நாள் உத்தரவு குடுத்திருக்கு."

மகளுக்கு எழுபத்தாறு வயது. மார்ஜரி என்று பேர். அப்பா விழுந்து நான்கு மாதம் கழித்துப் பிறந்தவள். பழைய யுத்தக் காகிதங்களில் அவர் போன வழியைத் தேடித் தேடி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளையாக, கைத்தடியோடு, தொப்பி போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். கூட, பேச்சை மாற்றிச் சொல்ல ஊரிலிருந்து ஜெசிந்தா டீச்சர். நிழலில் கிடந்த தலை இருபத்தைந்து வயதுப் பையன் தலை. மகளுக்கு வயசாயிட்டு, அப்பனுக்கு ஆவலை என்று பெண்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டார்கள். விருந்தாளியை எங்கே உட்காரச் சொல்வது என்ற கேள்வி வந்தபோது எல்லோருடைய கையும் ஒரே பக்கம் நீண்டது. சீனியம்மாள், "எந்திரிட்டி, அவுக அப்பால்லா" என்றாள்.

தங்கபுஷ்பம் எழுந்தாள். வேறு எங்கே போய் உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இறக்கையில் அவள் இடம் எப்போதோ அடைபட்டுப் போயிருந்தது. நிழலுக்கு வெளியே, வெயிலில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து, வெள்ளைக்காரம்மா தன் சுருங்கிய கையைத் தரையில் அந்தத் தலைமேல் வைப்பதையும், வைத்த கையை எடுக்காமலே ஒரு மணி நேரம் இருப்பதையும், நிழல் நகர நகர அந்தக் கையும் நகர்வதையும் பார்த்தாள். பொறாமை என்றால் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொந்த மகள்மேல் தனக்கு என்ன பொறாமை என்று கேட்டுப் பார்த்தாள். கேட்டதால் அது குறையவில்லை.

எங்கே தோண்டுவது என்பதை ஆத்திமுத்து கங்காணிதான் காட்டினார். நாற்பது வருஷம் அந்த நிழலில் சோறு தின்றவர் வேறு எப்படிச் சொல்வார். "உச்சிப்பொழுதுக்கு நெழலு எங்க விழுதோ, அதுக்கு நேர் மேல பிளேன், நேர் கீழ ஆளு. இதுல என்ன சார் கொழப்பம்?" என்றார். பொழுது ஏறியதும் வரப்பில் இறங்கி, உச்சியில் உட்கார்ந்து, சங்கு ஊதியதும் எழுந்திருக்கிற ஜனங்களுக்கு உச்சி என்றால் எல்லா மாதத்திலும் ஒரே உச்சிதான். சர்க்காரிலிருந்து கூட வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர், அவருக்கும் அது சரியாகவே பட்டது. கொண்டுவந்திருந்த இரும்பு தேடும் கருவி உப்புத் தண்ணீரைக் கண்டதும் நின்ற இடத்திலெல்லாம் கூவியது. அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கங்காணி காலால் கிழித்த கோட்டில் தோண்டும் இயந்திரத்தை இறக்கினார்கள்.

முதல் நாள் சேறு வந்தது. இரண்டாம் நாள் சேறும் தண்ணீரும் வந்தன. மூன்றாம் நாள் தண்ணீர் மட்டும் வந்தது. தங்கபுஷ்பம் ஒவ்வொரு நாளும் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் கிடக்கிற துணியை எடுத்தால் துணியின் நிழலும் கூடப் போகத்தான் செய்யும், அது அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த யோசனை வரவில்லை. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிறகு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள், நான் பாட்டுக்கு என் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன் என்று எண்ணிக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சு நிறையச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விரட்டவில்லை.

நான்காம் நாள் காலையில் வெள்ளைக்காரம்மா தடியை ஊன்றிக்கொண்டு அவள் நின்ற பாத்திக்கே வந்தாள், பின்னால் டீச்சர்.

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்ங்காங்க" என்றாள் டீச்சர். "இத்தன வருசமா நீங்கதான் அவரு பக்கத்துல இருந்திருக்கியளாம், எல்லாரும் சொன்னாங்களாம். அவுக அப்பா எப்படிப்பட்டவருன்னு கேக்காங்க."

தங்கபுஷ்பம் வாருபலகையைக் கீழே வைத்தாள். தவசிக்கனி போன பிறகு அவளிடம் யாரும் எதையும் இப்படி நின்று கேட்டதில்லை. கேலி என்று நினைத்து அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. அப்பாவைப் பார்த்தே இராத ஒரு கிழவி, பார்த்தவள் என்று ஒருத்தியைத் தேடி வந்து நிற்கிறாள்.

"ஒண்ணும் பேசமாட்டாரு" என்றாள் தங்கபுஷ்பம். பிறகு, "ஆனா நாம பேசும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட மாட்டாரு. ஒருநாளும் செஞ்சதில்ல" என்றாள்.

டீச்சர் அதை மாற்றிச் சொன்னாள். வெள்ளைக்காரம்மா இரண்டு தடவை தலையாட்டினாள், கண்ணைத் துடைத்தாள், தோள்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினாள். தோண்டிய குழியிலிருந்து எடுத்த சேறு அதில் பாதி இருந்தது. எலும்பு கிடைக்கவில்லை, பரவாயில்லை, அப்பா கிடக்கிற மண் கிடைத்ததே, இதைக் கொண்டுபோய் அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்கப்போகிறேன், இது போதும், இனி நிம்மதியாக இருப்பேன் என்று டீச்சர் வாய் வழியாகச் சொல்லிவிட்டு, குப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

தங்கபுஷ்பம் வாருபலகையை எடுத்தாள். ஒரு இழுப்பு இழுத்தாள். அந்தக் குப்பியில் இருப்பது வெறும் சேறு. நத்தை ஓடும் உப்பும் தவிர வேறொன்றும் அதில் கிடையாது. ஊர்பேர் தெரியாத எவனோ ஒருவன் சட்டையை ஒரு நாள் அவள் கையில் கொடுத்து, ஏற்றுக்கொள் ஏற்றுக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள், அவள் ஏற்கவில்லை. தான் வேண்டாம் என்று தள்ளிய பொய்யை இன்னொருத்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறாள், அதுவும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். பேசாமல் இருந்தால் சாயங்காலத்துக்குள் ஜீப் போய்விடும். இன்னொரு இழுப்பு இழுக்கக் கை வரவில்லை.

"டீச்சர்" என்று கூப்பிட்டாள். "அந்த மண்ண அவுகள வச்சுக்கிட வேண்டாம்னு சொல்லுங்க. அது அவுக அப்பா மண்ணு இல்ல."

கங்காணியும் அதிகாரியும் வந்து சேர்ந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "தையில சூரியன் தெக்க சாஞ்சுல்லா நிக்கும். உச்சிக்குங்கூட நெழலு வடக்க தள்ளித்தான் விழும். சித்திர ஒண்ணாந் தேதிதான் நெட்டுக்குத்தா நிக்கும். அன்னைக்கு நெழலு கெடக்குத எடம் வேற."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?" என்றார் கங்காணி. "சித்திர ஒண்ணு லீவுல்லா."

"எனக்கு என்ன லீவு அண்ணாச்சி" என்றாள் அவள்.

வரப்பு மூலையிலிருந்து அவள் நடந்தாள். தோண்டிய குழியைத் தாண்டித் தெற்கே இருபத்திரண்டு தப்படி போய் நின்றாள். அங்கே வெயில்தான் இருந்தது. குனிந்து ஒரு கை உப்பை எடுத்து அடையாளம் வைத்தாள். வைத்துவிட்டு விலகி நின்றாள்.

மதியத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. முதலில் துருப்பிடித்த தகடு, பிறகு பெல்ட் கொக்கி, பூட்ஸின் அடித்தோல் ஒன்று, அப்புறம் ஒவ்வொன்றாக எலும்பு. கடைசியாக மண்டையோட்டை ஒரு ஆள் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தான். அவன் அதை மேலே தூக்கிய நொடியில், வடக்கே கிடந்த நிழல், சத்தம் இல்லாமல், விளிம்பு மங்காமல், முழுசாக, எழுந்து போய்விட்டது. பெண்கள் இடது இறக்கை இருந்த இடத்திலும் ஆண்கள் வலது இறக்கை இருந்த இடத்திலும் வெயிலில் நின்றார்கள். வாலில் படுத்திருந்த ஒரு பிள்ளை விழித்து அழுதது. அதன் அம்மா ஓடிப்போய்த் தூக்கி முந்தானையால் மூடினாள். வேறு எங்கே கிடத்துவது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

போகும்போது வெள்ளைக்காரம்மா தங்கபுஷ்பத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் தங்கபுஷ்பம். "சொன்ன மாதிரி அவுக அம்மா பக்கத்துல கொண்டு வைக்கச் சொல்லுங்க டீச்சர். பாவம், அந்த அம்மா புருஷங்கூட இத்தன வருசம் நான்லா பேசிக்கிட்டு இருந்திருக்கேன்."

டீச்சர் இதை எப்படி மாற்றிச் சொன்னாளோ தெரியாது. அந்த அம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ஜீப் போய்விட்டது.

ஜீப் தூசி அடங்குவதற்குள் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒரு கெழவிக்கு எரங்கி நாப்பது பேத்த வெயில்ல விட்டுட்டியே" என்றாள் சீனியம்மாள். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வரப்பில் ஏறினார். நாற்பது வருஷம் சோறு தின்ற இடத்தை ஒரு பொம்பளை எல்லோர் முன்னாலும் தப்பு என்று காட்டிவிட்டாள், அவர் இனிமேல் அவளிடம் பேசப்போவதில்லை. முதலாளிக்கு ஆள் போயிற்று, கொட்டகை போட்டே ஆக வேண்டும் என்று. யோசிக்கலாம் என்று பதில் வந்தது. தங்கபுஷ்பம் வாருபலகையை எடுத்துக்கொண்டு தன் பாத்திக்குப் போனாள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

மறுநாள் சோற்று நேரத்துக்குச் சங்கு ஊதியதும் நாற்பது பேரும் பாத்தியை விட்டு ஏறி, வழக்கம்போல நடந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். கால்களுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை, மூக்கில் தண்ணீர்ப் பானை. வானத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், மனுஷர்களால் ஆன ஓர் ஏரோப்ளேன் கடலைப் பார்த்துக்கொண்டு வெயிலில் கிடக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். வெயில் பிடரியில் ஏறியது. சீனியம்மாள்தான் முதலில், "நாம என்னத்துக்கு இங்கன உக்காந்திருக்கோம்" என்றாள். ஒவ்வொருவராக எழுந்து, வரப்போரம் நின்ற உப்பு லாரியின் ஓரத்துக்குப் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

அவள் அங்கேயே இருந்தாள். சோறு மடியில் இருந்தது. எட்டாம் பாத்தியில் உப்பு முந்திவிட்டது என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் தரை வெள்ளையாக இருந்தது. கண் கூசியது. மூடிக்கொள்ளவில்லை. வெகு நேரம் அந்த வெள்ளையையே பார்த்திருந்துவிட்டு, இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தவசிக்கனியிடம் பேசினாள்.

"ஏங்க" என்றாள். "நீங்க இனிமே வரமாட்டியதான, என்ன?"

லாரி நிழலில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவள் சோற்றைப் பிசைந்து, கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டாள். சங்கு ஊதியது.